தலைவலிக்கு அவசரப்பட்டுப் பெயர் வைப்பதால் நேரும் தவறுகள்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டில் இறங்கியதும், சிலர் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டு "மலை உயரம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை" என்பார்கள். ஏற்காட்டின் உயரம் ஏறத்தாழ 1,515 மீட்டர். சேர்வராயன் கோயில் இருக்கும் முகடுகூட 1,600 மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. உயரத்தால் வரும் தலைவலி என்று மருத்துவர்கள் வகைப்படுத்துவதோ 2,500 மீட்டருக்கு மேலே சென்றால் வருவதை. ஆகவே உயரத்தின் மேல் பழி போடுவது தவறு. வளைவுகளில் புரட்டிய வயிறு, வாந்திக்குப் பயந்து காலை உணவைத் தவிர்த்தது, தண்ணீர் குடிக்காதது, ஜன்னலோர வெயில் ஆகியவையே பெரும்பாலும் காரணம். ஒவ்வொரு பயணத்திலும் இப்படி வலிக்கிறதென்றால் மைக்ரேன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேருந்துப் பயணம் ஒத்துக்கொள்ளாமை மைக்ரேன் உள்ளவர்களிடம் அதிகம்.

அந்த மைக்ரேனுக்கு நாம் வைத்திருக்கும் "ஒற்றைத் தலைவலி" என்ற பெயரே பலரை ஏமாற்றிவிடுகிறது. வலி இருபக்கமும் வந்தால் அது மைக்ரேன் இல்லை என்று எண்ணிவிடுகிறார்கள், இருபக்கமும் வரும். வாந்தி எடுத்தால் பித்தம் என்றும், கன்னமும் மூக்கடியும் கனத்தால் தலையில் நீர் கோத்துக்கொண்டது என்றும் தீர்ப்புச் சொல்லி, எலுமிச்சைச் சாறோ நொச்சி ஆவியோ கொடுத்து ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிடும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். சுடுநீர் மேலே கொட்டிக்கொள்ளாமல் கவனமாக ஆவி பிடித்தால் பெரிய கெடுதியில்லை, ஆனால் சைனஸ் என்று தாமாகவே முடிவுசெய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது மைக்ரேன்தான். கெட்டியான மஞ்சள் சளியும் காய்ச்சலும் இல்லாமல், மாதம் சில முறை மட்டும் வந்து போகும் வலியைச் சைனஸ் என்று சொல்லத் தயங்க வேண்டும்.

வலி எந்த இடத்தில் என்பதைவிட, அது வந்தால் உடம்பு என்ன செய்யச் சொல்கிறது என்று கவனிப்பது எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. மைக்ரேன் வந்தவர் விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் படுக்க விரும்புவார். மருந்தில்லாவிட்டால் அது 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும். இறுக்கத் தலைவலிக்காரரோ முனகிக்கொண்டே வேலையைத் தொடர்வார். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில், குனிந்த கழுத்தை நிமிர்த்தாமல் பற்றவைப்புப் பொடியை வைத்து ஊதிக்கொண்டிருப்பவருக்கு மாலையில் துண்டை இறுக்கிக் கட்டியதுபோல் தலையைச் சுற்றி வரும் வலி இந்த வகை. அரிதான கொத்துத் தலைவலியில் ஒரு கண் சிவந்து நீர் வடியும். 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும் அந்த வலியில் நோயாளி உட்காரவும் முடியாமல் நடந்துகொண்டே இருப்பார்.

மிகப் பெரிய தவறு மாத்திரையில்தான் நடக்கிறது. என் பெரியம்மா கடைகளில் கிடைக்கும் தலைவலி மாத்திரையைத் தாலிக்கயிற்று மஞ்சளோடு ஒரே டப்பாவில் வைத்திருந்தார். வலித்தால் ஒன்று, வலிக்கப்போகிறது என்று பட்டாலும் ஒன்று. மருத்துவர் சொன்னபடி, மாத்திரை போட்ட நாள்களைக் காலண்டரில் வட்டமிட்டபோது ஒரு மாதத்தில் 19 வட்டங்கள் விழுந்தன. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, காபீன் முதலியவை கலந்த கூட்டு மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டால், அந்த மாத்திரையே தலைவலியை அடிக்கடி வரவழைக்கக்கூடும். நிறுத்தும்போது முதல் சில நாள்கள் வலி கூடும் என்பதால், மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். பெரியம்மா மாத்திரையை நிறுத்திய முதல் இரண்டு வாரமும் வீட்டில் யாரிடமும் முகம்கொடுத்துப் பேசவில்லை.

காபியும் இதே குணமுடையது. தினமும் மூன்று நான்கு டம்ளர் குடிப்பவர் விரத நாளில் திடீரென விட்டால், ஒரு நாளுக்குள் தலை கனக்கும். படிப்படியாகக் குறைப்பதே சரி. இரத்த அழுத்தம் கூடினால் தலை வலிக்கும் என்று நம்பி, வலிக்காத நாளில் அழுத்த மாத்திரையை விட்டுவிடுவது ஆபத்தானது, ஏனெனில் மிக அதிகமாக ஏறினாலொழிய அழுத்தம் வலியாகத் தெரிவதில்லை.

குளிர்காலத்தில் மலைவீடுகளில் கதவு, ஜன்னல்களை அடைத்துவிட்டுக் கரியடுப்பை மூட்டிப் படுப்பதும் தவிர்க்க வேண்டியது. அறையில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலைவலித்து, வெளியே வந்ததும் குறைந்தால், அது கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற நச்சுவாயு; குளிர் என்று எண்ணி மேலும் போர்த்திக்கொண்டு படுத்தால் உயிர் போகும். மழைக்காலத்தில் காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் வலித்தால் டெங்குவாக இருக்கலாம். பாரசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவற்றைக் கேட்டு வாங்கக் கூடாது, இரத்தக்கசிவுக்கு அவை வழிவிடும்.

ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டும் இடிபோன்ற வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் மரத்தல், தலையில் அடிபட்டபின் கூடிக்கொண்டே போகும் வலி, 50 வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் வலி ஆகியவை தைலத்துக்குரியவை அல்ல. கடைசியாகச் சொன்னதற்குத் தாமதமின்றி மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றவற்றுக்கு உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மலையில் இருப்பவர்கள், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்கிவரும் நேரத்தையும் கணக்கில் சேர்த்து, விடியட்டும் என்று காத்திராமல் கிளம்பிவிட வேண்டும்.