கொழும்பு யன்னலுக்கு வனேடியம் பூச்சு: உலையில் சுடும் முறை

சூடேறினால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடிக்கு வனேடியம் ஈரொட்சைட்டுப் படலம் வேண்டும். கலப்பில்லாதது 68 பாகை செல்சியசில் அகச்சிவப்பைத் தடுக்கும் நிலைக்கு மாறும். 1 அணுவீதம் (நூறு அணுவில் ஒன்று) தங்குதன் என்ற உலோகத்தைச் சேர்த்தால் அந்த வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகை இறங்கும். குளிர்நாட்டுச் செய்முறையைப் பார்த்து 25 பாகைக்கு இறக்கிவிடாதீர்கள். கொழும்பில் இரவே அந்தச் சூடுதான். கண்ணாடி எந்நேரமும் மாறிய நிலையில் கிடக்கும். தங்குதன் 1.3 அணுவீதம் போதும்.

சாதாரணக் கண்ணாடியின் சோடியம் சூட்டில் படலத்துக்குள் ஏறிக் கெடுக்கும். அதனால் முதலில் 50 நனோமீற்றர் சிலிக்காவைத் தடுப்புப் படையாக, அதன்மேல் 40 நனோமீற்றர் வனேடியம்-தங்குதன் உலோகத்தைப் படியவிடுங்கள். ஒட்சியேறியதும் தடிப்பு இரட்டிப்பைச் சற்றுத் தாண்டும். சுடும்வரை பூசிய கண்ணாடித் துண்டுகளை சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் மூடி வையுங்கள்.

குழாய் உலையின் நடுவில் துண்டை வைத்து, பக்கத்தில் ஒரு வெற்றுக் கண்ணாடியைத் தொடும்படி வெப்பவிணையைப் (வெப்பநிலை அளக்கும் கம்பியை) பொருத்துங்கள். குழாய்க்கு வெளியே அளக்கும் எண் பிழைக்கும். குழாயிலுள்ள காற்றைப் பம்பியால் வெளியேற்றி, ஊசி வால்வால் உலர் ஒட்சிசன் விட்டு அமுக்கத்தை 0.2 தொரில் (வெற்றிட அமுக்க அலகு) நிறுத்துங்கள். எண்ணெய்ப் பம்பியானால் ஒட்சிசனுக்கு ஏற்ற எண்ணெய் கட்டாயம், மற்றது தீப்பற்றலாம். நிமிடத்துக்கு 5 பாகையாக 450க்கு ஏற்றி, 2 மணி நேரம் வையுங்கள். 500ஐத் தாண்டினால் கண்ணாடியே வளையத் தொடங்கும்.

இந்த 2 மணி நேரம் தொடக்கக் கணக்குத்தான், உலைக்கு உலை மாறும். சின்னத் துண்டுகளை 1, 2, 3 மணி நேரம் எனத் தனித்தனியே சுட்டுப் பார்த்த பிறகே பெரிய கண்ணாடியில் கைவையுங்கள்.

முடிந்ததும் ஒட்சிசனை மூடி, பம்பி ஓடும்போதே ஆறவிடுங்கள். சூட்டோடு திறந்தால் மேற்பரப்பு மேலும் ஒட்சியேறும். கரண்ட் போனால் பம்பி நின்று எண்ணெய் உள்ளே ஏறும். தானாக மூடும் வால்வு இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

நல்ல படலம் மஞ்சள் கலந்த கபிலம். தெளிந்த எலுமிச்சை மஞ்சளானால் அளவுக்கு மீறி ஒட்சியேறி வனேடியம் ஐயொட்சைட்டு ஆகிவிட்டது: நேரத்தைக் குறையுங்கள். கருத்து, சூடாக்கியும் மின்தடை மாறாவிட்டால் ஒட்சிசன் போதவில்லை. பால்போல் மங்கினால் மணிகள் பெருத்துத் திரண்டுவிட்டன. மாற்றம் இழுபட்டு மெல்ல நடந்தால் சிலிக்காத் தடுப்புப் படையைச் சந்தேகியுங்கள்.

ஆனால் படலம் நிலை மாறுகிறதா என்பதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. கட்புல ஒளியில் வித்தியாசம் சொற்பம். 25இலிருந்து 80 பாகை வரை சூடாக்கி நான்கு முனைக் கருவியால் மின்தடையை அளவுங்கள். தங்குதன் கலந்ததில் பத்து மடங்காவது விழவேண்டும். கூடவே 2000 நனோமீற்றரில் ஒளிகடத்தலையும் பாருங்கள். தேறிய துண்டுக்கு 50 நனோமீற்றர் சிலிக்கன் நைத்திரைட்டு மேற்பூச்சு இடுங்கள். ஈரக் காற்றில் மூடாத படலம் நாளடைவில் மஞ்சளாகிவிடும்.