கியூபாவுக்குக் குழுவாகப் போகிறவர்களுக்கு

பன்னிரண்டு பேர், ஒரே வேன்; ஹவானா, வின்யாலஸ், டிரினிடாட் என்று மூன்று கியூப ஊர்களைச் சுற்றினோம். அமெரிக்க வங்கிக் கார்டை நம்பாதீர்கள். யூரோவைச் சின்ன நோட்டுகளாக எடுத்துப்போங்கள். யாராவது சி.யு.சி. என்ற பழைய கியூப நாணய நோட்டை நீட்டினால் வாங்காதீர்கள், அதை 2021-லேயே ஒழித்துவிட்டார்கள். கரண்ட் அடிக்கடி போகும், டார்ச் அவசியம்.

டிரினிடாட் தெருவெல்லாம் உருண்டைக் கல். என் சக்கரப் பெட்டியைத் தலையில் தூக்காத குறைதான்! முதுகுப்பை போதும். ஓட்டலுக்குப் பதில் 'காசா பர்ட்டிகுலார்' என்ற வீட்டுத் தங்கலைக் கேளுங்கள். காலையில் கொய்யாப்பழமும் கடுங்காபியும் கிடைத்தது.

வின்யாலஸில் புகையிலை உலர்த்தும் குடிசையில் வழிகாட்டி அவசரப்படுத்துவார். நகராதீர்கள். விளைச்சலில் பெரும்பங்கு அரசுக்குப் போவதை விவசாயி சுருட்டு உருட்டிக்கொண்டே சொல்வார். மொழிபெயர்க்க வழிகாட்டி வேண்டுமே, அவரையும் பிடித்து உட்கார வையுங்கள்.