கோயில் மணியில் தொடங்குங்கள்

சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி) கற்க முதலில் செய்ய வேண்டியது, ப்ரீசெட் பட்டியலை, அதாவது தயாராக வரும் ஒலிகளின் பட்டியலை, மூடி வைப்பது. நான் ஆறு மாதம் அதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன், ஒன்றும் ஏறவில்லை. அப்புறம் வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் மணியோசையை போனில் பதிந்து வந்தேன் (ஆட்டோ ஹாரனோடு சேர்த்துத்தான்). அதைப் போல ஒன்றை உருவாக்கப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

நான் பயன்படுத்தியது சர்ஜ் எக்ஸ்டி என்ற சிந்தசைசர் மென்பொருள். இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பேட்சை (ஒலி அமைப்பை) இனிஷியலைஸ் செய்து, அதாவது வெறும் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, முதல் இரண்டு ஆசிலேட்டரையும் (ஒலி அலையை எழுப்பும் பகுதி) சைன் அலைக்கு, அதாவது மேற்சுரமே இல்லாத எளிய அலைக்கு, மாற்றுங்கள். இரண்டாவதன் பிட்சை (சுருதியை) 6 செமிடோன் (அரைச்சுரம்) ஏற்றி, எஃப்எம் (ஒரு அலையால் இன்னொன்றின் அதிர்வெண்ணை ஆட்டுவது) ரூட்டிங்கில் இரண்டாவது முதலாவதை ஆட்டும்படி வைத்து, எஃப்எம் டெப்த்தை, அதாவது ஆட்டும் அளவை, மெல்லக் கூட்டுங்கள். சட்டென்று உலோகம் கேட்கும். காரணம், 6 செமிடோன் என்றால் அதிர்வெண் சுமார் 1.41 மடங்கு. முழு எண் விகிதத்தில் அமையாததால் மேற்சுரங்கள் (மூல ஒலியோடு சேர்ந்து எழும் உயர் ஒலிகள்) ஒன்றோடொன்று பொருந்தாமல் சிதறும். மணியின் குணமே அதுதான். 12 வைத்துப் பாருங்கள், விகிதம் சரியாக 2 ஆகி மணி காணாமல் போய்விடும்.

அடுத்து ஆம்ப் என்வலப், அதாவது சத்தம் நேரத்தோடு ஏறி இறங்கும் விதம்: அட்டாக் (ஏறும் நேரம்) பூஜ்யம், டிகே (தணியும் நேரம்) 4 விநாடி, சஸ்டெய்ன் (கட்டையை அழுத்தியிருக்கும்போது நிற்கும் அளவு) பூஜ்யம், ரிலீஸும் (கட்டையை விட்டபின் அடங்கும் நேரம்) டிகே அளவுக்கு நீளம். இவ்வளவு செய்தும் பொம்மை மணி போலத்தான் இருந்தது எனக்கு. பதிவைத் திரும்பக் கேட்டேன்: அடித்த கணத்தில் கூர்மை, பிறகு வெறும் ரீங்காரம். அதனால் ஃபில்டர் என்வலப் என்ற இன்னொரு என்வலப்பின் டிகேயை அரை விநாடியாக்கி, எஃப்எம் டெப்த் அதன்படி சீக்கிரம் குறையும்படி இணைத்தேன். சரியாக வந்துவிட்டது.