மியூனிக்கில் தங்கி ரயிலில் ஆல்ப்ஸ் கோட்டைகள்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஜெர்மனியின் பவேரியா மாநிலக் கோட்டைகளைப் பார்க்க வாடகைக் கார் வேண்டாம், டூர் பஸ்ஸும் வேண்டாம். மியூனிக்கில் ஓர் அறை எடுத்துப் பெட்டிகளைப் போட்டுவிட்டு, தினமும் காலையில் கிளம்பி இரவில் திரும்பலாம். திட்டத்தை மட்டும் ரயிலிலிருந்து தொடங்காமல், கோட்டையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

1. முதலில் கோட்டைக்கு நேரம் எடுங்கள்

நொய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனைக்குள் குழுவாக, குறித்த நேரத்தில்தான் விடுவார்கள். அந்த நேரம் தவறினால் டிக்கெட் வீண். கோடையில் நேரில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் போக வேண்டாம்; ஆன்லைனில் முன்பே வாங்கிவிடுங்கள்.

எத்தனை மணிக்கு எடுப்பது? வார நாள் என்று வைத்துக்கொள்வோம். கீழே சொல்லும் பேயர்ன் டிக்கெட் அன்று 9 மணிக்குத்தான் தொடங்கும். காலை 9 மணிக்கு மேல் ரயில் ஏறினால் கோட்டைக்கு அருகிலுள்ள ஃபூசென் ஊருக்குப் போய்ச் சேர சுமார் இரண்டு மணி நேரம். பஸ்ஸுக்குக் காத்திருந்து ஹோஹென்ஷ்வாங்காவ் கிராமத்தில் இறங்க அரை மணி. அங்கிருந்து மலையேற 40 நிமிடம். 1 மணிக்கு எடுத்தால் ஓட வேண்டியிருக்கும். 2 மணி என்றால் நிம்மதி.

2. பேயர்ன் டிக்கெட்

பவேரியா மாநிலம் முழுக்கச் செல்லும் ஒருநாள் டிக்கெட் இது. ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். ஆள் கூடக்கூடத் தலைக்கு ஆகும் செலவு குறையும். வார நாட்களில் காலை 9 மணி முதல், சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் நள்ளிரவு முதல், மறுநாள் அதிகாலை 3 மணி வரை செல்லும். ஆர்இ, ஆர்பி போன்ற வட்டார ரயில்களுக்கு மட்டும்தான். ஐசிஇ எனும் அதிவேக ரயில்கள் பக்கம் போகாதீர்கள். மெஷினில் வாங்கினால் எல்லோருடைய பெயரையும் டிக்கெட்டில் எழுதிவிடுங்கள். ஸ்டேஷனில் கேட் எதுவும் கிடையாது, ஆனால் ரயிலுக்குள் பரிசோதகர் வருவார்.

3. ரயிலில் ஏறும்போது

சில ரயில்கள் நடுவழியில் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகும். நீங்கள் ஏறும் பெட்டியின் பலகையில் ஃபூசென் என்று இருக்கிறதா, பாருங்கள். நேரடி ரயில் இல்லாவிட்டால் புக்லோ அல்லது காஃப்பாய்ரனில் மாற வேண்டியிருக்கும். இடதுபக்க ஜன்னலைப் பிடியுங்கள். மலைகள் அந்தப் பக்கம்தான்.

4. நொய்ஷ்வான்ஸ்டைன்

ஃபூசென் ஸ்டேஷன் வாசலிலேயே 73, 78 எண் பஸ்கள் நிற்கும். மேலே ஏறக் குதிரை வண்டி உண்டு, ஆனால் அதற்கும் வரிசை. கால் நன்றாக இருந்தால் நடையே மேல்.

உள்ளே அரை மணி நேரச் சுற்றுதான், படம் எடுக்கக் கூடாது. அரியணை மண்டபத்தில் சற்று நின்று பாருங்கள். பளிங்குப் படிகள் மேலேறிப் போகும், பின்னால் பொன்னிறச் சுவர் ஓவியம், நடுவில் அரியணை மட்டும் இல்லை. 1869இல் கட்டத் தொடங்கிய பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் 1886 ஜூனில் இறந்துபோக, அரியணை வந்து சேரவே இல்லை. சில வாரங்களிலேயே அரண்மனையைக் கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்! 2025இல் அவருடைய மற்ற மூன்று கட்டடங்களோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் வந்தாயிற்று.

எல்லோரும் எடுக்கும் அந்த அரண்மனைப் படம் பக்கத்திலுள்ள மரியன் பாலத்திலிருந்து எடுப்பது. பனிக்காலத்தில் பாலத்தை மூடிவிடுவார்கள்.

5. அடுத்த நாள், ப்ரீன்

என்னைக் கேட்டால் நொய்ஷ்வான்ஸ்டைனைவிட ஹெரென்கீம்சே அரண்மனைதான் பிடிக்கும், கூட்டமும் குறைவு. மியூனிக்கிலிருந்து ஒரு மணி நேரத்தில் ப்ரீன் ஊர். அங்கிருந்து கீம்சே ஏரியின் படகுத்துறைக்குக் கோடையில் 1887ஆம் ஆண்டுக் குட்டி ரயில் ஓடும். அதற்கும் படகுக்கும் தனி டிக்கெட். ஏரியிலுள்ள தீவில், பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையைப் பார்த்து அதே லுட்விக் கட்டியது. ஒரு மாடிப்படிக் கூடம் முழுக்கப் பளிங்கும் வண்ணமும். அதற்கு இணையான இன்னொன்று பூச்சு கூடப் பூசாத வெறும் செங்கல். பணம் தீர்ந்த இடம் அப்படியே தெரியும்.

6. நேரம் இருந்தால் சால்ஸ்பர்க்

ப்ரீன் வழியாகப் போகும் அதே ரயில்தான். ஆஸ்திரியாவில் இருந்தாலும் பேயர்ன் டிக்கெட் அங்கே வரை செல்லும். 1077இல் கட்டத் தொடங்கிய ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டைக்குக் கயிற்றில் இழுக்கும் ரயில் இருக்கிறது. திரும்பும்போது எல்லையில் போலீசார் ரயிலில் ஏறிச் சோதிப்பது உண்டு. அதனால் பாஸ்போர்ட்டை ஓட்டலில் வைத்துவிட்டு வராதீர்கள்.