கிடப்பில் கிடந்த போட் எஞ்சினை எழுப்பும்போது செய்யக்கூடாதவை

2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல், அதன் பின்னால் கொரோனா, அதற்கும் பின்னால் 2022 எரிபொருள் தட்டுப்பாடு. அடுத்தடுத்து விழுந்த இந்த அடிகளில் மலையகத்தில் சுற்றுலாவை நம்பியிருந்த எத்தனையோ வள்ளங்கள் கரையேறின. எஞ்சின்களைக் கழற்றி ஸ்டோர் ரூமிலோ தாழ்வாரத்திலோ சாக்கைப் போர்த்திப் போட்டார்கள். நுவரெலியாவிலும் ஹட்டன் பக்கத்திலும் பயணிகள் மறுபடி வரத் தொடங்கிய பிறகு, அவற்றைத் தூசி தட்டி எடுத்து "இது ஓடுமா?" என்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள்.

பெரும்பாலும் ஓடும். வள்ளத்தின் பின்புறத்தில் மாட்டும் இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்ட் எஞ்சின் லேசில் சாகாது. வருடக்கணக்கில் கிடந்ததில் அதற்கு வரும் சேதத்தைவிட, எழுப்புகிறோம் என்று நாம் அவசரப்படும் முதல் அரைமணி நேரத்தில் வரும் சேதம்தான் பெரிது. அந்த அவசரத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கண்ட உடனே ஸ்டார்ட் கயிற்றை இழுப்பதுதான் எல்லாவற்றுக்கும் தலையான தவறு. மலைநாட்டு ஈரமும் மூடுபனியும் சிலிண்டர் சுவரில் மெல்லிய துருவை ஏற்றியிருக்கும்; பிஸ்டன் ரிங் பழைய ஒயிலில் ஒட்டிக் காய்ந்திருக்கும். அந்த நிலையில் பலம்கொண்ட மட்டும் இழுத்தால் துரு சுவரைக் கீறும், ரிங் உடையும், கயிறு அறுந்தாலும் அறும். முதலில் பிளக்குகளைக் கழற்றுங்கள். டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொஞ்சம் இரண்டு ஸ்ட்ரோக் ஒயில் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, மேலே இருக்கும் ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மேலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் பக்கமாகத்தான் அநேக எஞ்சின்கள் சுற்றும். எதிர்ப்பக்கம் திருப்பினால் கீழே தண்ணீர் பம்பின் ரப்பர் இறக்கைகள் தலைகீழாக மடங்கி முறியும். சுற்ற மறுத்தால் துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து இன்னும் சில நாள் விடுங்கள். நீளமான பைப்பைப் போட்டு நெம்புவது எஞ்சினை இரும்புக் கடைக்கு அனுப்பும் வழி.

அடுத்தது, தண்ணீர் இல்லாமல் "சும்மா ஒரு செக்கன் மட்டும்" ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது. தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியைத் திறந்து, தண்ணீர் பம்பின் இம்பெலரைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் இதைச் செய்யமாட்டார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் சில்லு அது. தன் கூட்டுக்குள் இறக்கைகளை ஒருபக்கமாக வளைத்துக்கொண்டே சுற்றி, ஏரித் தண்ணீரை இழுத்து மேலே அனுப்புகிறது. அந்தத் தண்ணீர்தான் எஞ்சினைக் குளிர்விக்கிறது, ரப்பர் தேயாமல் காப்பதும் அதே தண்ணீர்தான். வறண்டு ஓடினால் சில செக்கன்களில் ரப்பர் கருகும். பல வருடம் கிடந்த எஞ்சினில் இறக்கைகள் வளைந்த வாக்கிலேயே இறுகிப் போயிருக்கும். விரலால் நிமிர்த்தினால் அடியில் வெடிப்புத் தெரியும். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று திரும்பப் போடாதீர்கள். புதியது வாங்குங்கள். இந்த வேலையில் காசை மிச்சம் பிடிக்கவே கூடாத ஓர் இடம் இதுதான் என்பேன்.

சோதனைக்கு ஒரு பரல் போதும். புரொப்பெல்லருக்கு மேலே கிடையாக இருக்கும் தட்டு நன்றாக மூழ்கும் வரை தண்ணீர் நிரப்புங்கள். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, நியூட்ரலில், மெதுவான ஓட்டத்தில் மட்டும் ஓட்டுங்கள். பின்பக்கச் சின்னத் துவாரத்தால் தண்ணீர் பீச்ச வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள், ஆனால் பம்ப்தான் பழுது என்று அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள். அந்தத் துவாரத்துக்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பது மலையகத்தில் அடிக்கடி காணும் காட்சி. புல் வெட்டும் மெஷினின் நைலோன் நூலை விட்டுக் குத்தினால் போய்விடும். நீர்கொழும்பிலிருந்தோ திருகோணமலையிலிருந்தோ பழையதாக வாங்கி வந்த எஞ்சினானால் உள்ளே உப்பு இறுகியிருக்கும். குளிர்விக்கும் தண்ணீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட்டையும் கழற்றிப் பாருங்கள். கடல் எஞ்சினின் அலுமினியத்தில் இறுக்கியிருக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளை ஒரே மூச்சில் திருகினால் தலை கையோடு வரும். சூடு காட்டி, ஸ்பிரே அடித்து, கொஞ்சம் இறுக்கிக் கொஞ்சம் இளக்கி எடுக்க வேண்டும்.

பரல் தண்ணீரில் ஒயில் மிதக்கும். அதை வடிகானில் ஊற்றாதீர்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்பும் கெஹெல்கமு ஓயாவும் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தை நிரப்பும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. கொழும்பு குடிப்பது அந்தத் தண்ணீரை.

எரிபொருளுக்கு வருவோம். 2022இல் வரிசையில் நின்று சேர்த்து வைத்த பெற்றோல் இன்னும் சில வீடுகளில் கேன்களில் இருக்கிறது. பாடுபட்டுச் சேர்த்ததை வீசுவதற்கு மனம் வராது, அது எனக்கும் புரியும். ஆனால் எஞ்சினுக்கு அது நஞ்சு. ஆவியாகக்கூடியது ஆவியாகி, மிச்சம் பிசினாகிவிடும். நம் குளிரில் டேங்கின் சுவர் வியர்த்து, அடியில் தண்ணீரும் சேர்ந்திருக்கும். புதுப் பெற்றோலோடு கலந்து தீர்த்துவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். டேங்க், குழாய், காபரேட்டர் மூன்றையும் காலியாக்கித்தான் தொடங்க வேண்டும். காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் ஜெட்டின் துவாரத்தில் கம்பியோ ஊசியோ விடாதீர்கள். பித்தளை மென்மையானது, துவாரம் ஒரு மயிரளவு பெருத்தாலும் கலவை மாறிவிடும். ரப்பர் பாகங்களை முன்பே கழற்றி வைத்துவிட்டு, கிளீனரில் ஊறப்போட்டுக் காற்றடியுங்கள். எரிபொருள் குழாயில் கையால் அமுக்கும் ரப்பர் பம்ப் சில அமுக்கலில் கெட்டியாக வேண்டும். கெட்டியாகாவிட்டால் எங்கேயோ காற்று இழுக்கிறது. ஓடத் தொடங்கிச் சில நிமிடத்தில் எஞ்சின் இறந்தால் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறந்தீர்களா என்று பாருங்கள்.

பெற்றோலில் கலக்கும் ஒயில் விசயத்தில் கைக்கு அகப்பட்டதை ஊற்றும் பழக்கம் உண்டு. த்ரீவீலர் ஒயிலும் மரம் வெட்டும் மெஷின் ஒயிலும் காற்றில் குளிரும் எஞ்சினுக்கு உரியவை. போட் எஞ்சினில் அவை பிளக்கிலும் பிஸ்டனிலும் சாம்பலைப் படிய வைக்கும். டப்பாவில் டீ.சீ.டபிள்யூ-3 (TC-W3) என்று, தண்ணீரில் குளிரும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான குறியீடு இருக்கிறதா பாருங்கள். 50 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில் (50:1) கேட்கும் எஞ்சினுக்கு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 25:1 கேட்பதற்கு 40. பழைய பிரிட்டிஷ் சீகல் எஞ்சின்களில் 10:1, அதாவது லீற்றருக்கு 100 மில்லிலீற்றர், கேட்டவையும் உண்டு. கரையோரத்தில் மண்ணெண்ணெய் எஞ்சின்கள் நிறைய. பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வகை. வாங்கும்போதே எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"பாஸ், இழுத்து இழுத்துக் கை விட்டுப்போச்சு, நெருப்பே வரல்ல. பழைய இரும்புக்குப் போட்டிரவா?" என்று கேட்பவர்களிடம் திருப்பிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சிவப்புக் கயிற்றில் இருக்கும் அவசர நிறுத்தக் கிளிப் எங்கே என்பது. கிளிப் தொலைந்திருந்தால் எஞ்சினுக்கு நெருப்புக் கிடைக்காது. அது சரியென்றால் பிளக்கை வயரில் மாட்டி, அதன் உலோகத்தை எஞ்சின் உடம்பில் நன்றாகப் பதித்து, பிளக் துவாரத்தை விட்டுத் தள்ளி வைத்து இழுத்துப் பாருங்கள். பெற்றோல் ஆவி நெருப்பைத் தேடி வரும். பிளக்குக்கு நெருப்புக் கொடுக்கும் சீ.டீ.ஐ. எனும் மின்னணுப் பெட்டி உள்ள எஞ்சினில் பிளக் வயரை அந்தரத்தில் விட்டு இழுத்தால் அந்தப் பெட்டியே பழுதாகலாம். பழைய வகையானால் ஃப்ளைவீலுக்கு அடியிலுள்ள மின் தொடுமுனையான பொயின்ட் கறுத்திருக்கும். துடைத்தால் உயிர் வரும். ஃப்ளைவீலைக் கழற்ற அதற்குரிய புல்லர் வேண்டும். சுத்தியலால் அடித்துக் கழற்றினால் கிராங்க் போய்விடும்.

இனி, மலையகத்தில் மட்டும் வரும் சிக்கல். கரையோரத்து மெக்கானிக் பாஸ்மாருக்கு இது பழக்கமில்லை, எஞ்சினோடு வரும் புத்தகத்திலும் ஒரு வரிதான் இருக்கும். இந்த எஞ்சின்கள் கடல் மட்டத்துக் காற்றுக்காகச் சரிசெய்யப்பட்டவை. காசல்ரீ ஆயிரம் மீற்றருக்கு மேலே. நுவரெலியாவின் கிரகரி வாவி 1,800 மீற்றருக்கும் மேலே. உயரம் ஏற ஏறக் காற்று ஐதாகும். ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறக்குறைய 3 சதவீத வலு குறையும். காசல்ரீயில் பத்திலொரு பங்கு, நுவரெலியாவில் ஐந்திலொரு பங்குக்குக் கிட்ட இப்படிப் போய்விடுகிறது. எஞ்சினில் பழுது இல்லை, ஆனாலும் 15 குதிரைவலு எஞ்சின் 12 போலத்தான் இழுக்கும்.

காற்று குறைந்தும் ஜெட் அதே அளவு பெற்றோலை விடுவதால் கலவையில் பெற்றோல் மிஞ்சி அது கொழுக்கிறது. பிளக் கறுத்து நனையும், புகை வரும், இருமும். இந்தப் புகையைப் பார்த்து ஒயிலைக் குறைக்கிறார்களே, அது எனக்குப் பெரிய வருத்தம். புகை கூடியதற்குக் காரணம் உயரம். ஒயில் குறைந்தால் பேரிங்கும் பிஸ்டனும்தான் போகும். மாற்ற வேண்டியது மெயின் ஜெட். ஒரு படி சிறியது போட்டு, பிளக்கின் நிறத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள். புரொப்பெல்லரும் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) ஓர் அங்குலம் குறைந்ததாக இருந்தால் எஞ்சின் தன் வேகத்தை எட்டும். ஆனால் அப்படிச் சரிசெய்த எஞ்சினை அப்படியே திருகோணமலைக்குக் கொண்டுபோய் ஓட்டாதீர்கள். அங்கே காற்று அடர்த்தி, பெற்றோல் போதாது, பிஸ்டன் உருகும். கழற்றிய பழைய ஜெட்டைப் பெயர் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அமுக்கத்தை, அளப்பதிலும் இதே உயரம் ஏமாற்றும். கரையில் 100 பீ.எஸ்.ஐ. காட்டுகிற எஞ்சின் நுவரெலியாவில் 80 அளவில்தான் காட்டும். கரையோரத்துக் கணக்கை வைத்துக்கொண்டு "எஞ்சின் முடிஞ்சுது" என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சிலிண்டர்களுக்கு இடையில் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். அதுதான் உண்மையைச் சொல்லும்.

கீழ்ப்பகுதியை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கியர் ஒயில் திருகுகள் இரண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டையும் திறந்து வடியவிடுங்கள். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் மாற்ற வேண்டும். புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக் கிடக்கும் தூண்டில் நரம்புதான் பல நேரம் அந்த சீலை அறுத்தது. புது ஒயிலை மேலால் ஊற்றினால் நடுவில் காற்று தங்கும். கீழ்த் துவாரத்தால் அமுக்கி ஏற்றி, மேலே வழிந்த பிறகே மூடுங்கள். திருகுகளின் வோஷர் இரண்டையும் புதிதாகப் போடுங்கள்.

சிறிய பழைய எஞ்சின்களில் புரொப்பெல்லரைப் பிடித்திருக்கும் ஷியர் பின் எனும் சின்ன உலோக முளை, எதிலாவது மோதினால் தான் முறிந்து கியரைக் காப்பாற்றுவதற்காகவே மென்மையான உலோகத்தில் செய்யப்பட்டது. அதற்குப் பதில் ஆணியை வெட்டிச் செருகாதீர்கள். மவுசாக்கலையில் நீர்மட்டம் இறங்கும் மாதங்களில் பழைய மஸ்கெலியாவின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே வருவதை நாம் பார்க்கிறோம். நீர் ஏறியிருக்கும் காலத்தில் அந்தச் சுவர்களும் மரக்கட்டைகளும் அங்கேதான் இருக்கின்றன. ஆணி முறியாது, பல்சக்கரம் முறியும். சரியான ஷியர் பின் இரண்டு மூன்றைப் படகிலேயே வைத்திருங்கள்.

ஏரியில் முதல் ஓட்டத்துக்குப் பயணிகளை ஏற்ற வேண்டாம். துடுப்பும் உயிர்காப்பு அங்கியும் எடுத்துக்கொண்டு கரையோரமாகவே, அரை வேகத்தில் போய் வாருங்கள். பீச்சும் தண்ணீர் மீது கண் இருக்கட்டும். திரும்பி வந்ததும் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். எஞ்சினை நிமிர்ந்த வாக்கில் ஓர் இரவு விட்டு, மறுநாள் காலை கீழ்க் கியர் திருகை இளக்கி முதலில் வரும் துளியைப் பாருங்கள். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் ஒயிலுக்கு முன்னே அதுதான் வரும்.