பறித்த காய் மூச்சு விடுவதைப் பார்ப்பது எப்படி?

செடியிலிருந்து பறித்ததும் காய் செத்துவிடுவதில்லை. மூச்சு விடுகிறது, நீரை ஆவியாக விடுகிறது. வேரிலிருந்து வந்த தண்ணீரும் இலையிலிருந்து வந்த சர்க்கரையும் நின்றுபோனதால், இருப்பைக் கரைத்துத்தான் பிழைக்கிறது. மாடித்தோட்டம் போட்டிருப்பவர்கள் இதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

படி 1: வெயில் ஏறுமுன் பறியுங்கள். அப்போது காய் குளிர்ந்து, நீர் நிரம்பி இருக்கும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் சுவாச வேகம் ஏறத்தாழ 2 முதல் 3 மடங்காகிறது. உச்சிவெயிலில் பறித்த மக்காச்சோளம் சீக்கிரம் இனிப்பை இழப்பது இதனால்தான். அதன் சர்க்கரை மாவுச்சத்தாகவும் மாறிவிடும்.

படி 2: 200 கிராம் முளைக்கீரையைத் தட்டில் பரப்பி வையுங்கள். இன்னொரு 200 கிராமை ஈரத் துணியில் சுற்றுங்கள். சாயங்காலம் தட்டில் உள்ளதை நிறுத்துப் பாருங்கள். குறைந்த எடை பெரும்பாலும் ஆவியாகிப்போன நீர். நூற்றில் 5 பங்கு போனாலே கீரை துவண்டுவிடும். லேசாக வாடியது தண்ணீர் தெளித்தால் நிமிரும், காய்ந்தது நிமிராது. துணிக்குள் இருப்பதைத் தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். அந்தக் காலத்தில் கீரைக்கட்டைத் தண்ணீர்ப் பானை ஓரத்தில் வைத்தார்களே, எவ்வளவு சரியான வழக்கம்!

படி 3: நாலைந்து வெண்டைக்காயை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். சில மணி நேரத்தில் உள்ளே நீர்த்துளி கோக்கும், காய் வெளியே விட்ட நீர்தான் அது. வெண்டை வேகமாகச் சுவாசிக்கும் காய். அப்படியே விட்டால் ஈரத்திலும் காற்றில்லாமலும் கொழகொழத்து நாறும். பையில் துளை போடுங்கள், அல்லது துணிப்பைக்கு மாற்றுங்கள்.

படி 4: செங்காய்த் தக்காளி ஒன்றைப் பழுத்த வாழைப்பழத்தோடு காகிதப் பையில் வையுங்கள், இன்னொன்றைத் தனியாக. முதல் தக்காளி முந்திச் சிவக்கும். வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயுவின் வேலை இது. அதே வாயு கீரையையும் வெள்ளரியையும் மஞ்சளாக்கும், அவற்றைப் பழக்கூடைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

படி 5: பிரிட்ஜில் எது போகலாம்? கீரை, கேரட், பீட்ரூட் தாராளமாக. கத்தரி, வெண்டை, வெள்ளரி வெப்ப நிலத்துப் பயிர்கள். 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் தோலில் குழி விழும், கத்தரியின் விதை பழுப்பாகும். இரண்டே நாளில் சமைத்துவிடுங்கள். உருளைக்கிழங்கு குளிரில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும், வறுத்தால் கருகும். வெளிச்சம் பட்டால் பச்சை பிடிக்கும். இருட்டில், காற்றோட்டமான கூடையே அதற்கு நல்லது.

முள்ளங்கியை இலையோடு வாங்கினால் வந்தவுடன் இலையை வெட்டிவிடுங்கள், கிழங்கின் நீரை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெட்டிய இலையை அன்றைக்கே பொரியல் செய்யலாம்.