தருமபுரியிலிருந்து சென்னை: வான்வழி, சாலைவழி தூரமும் நேரமும் நீங்களே கணக்கிடலாம்

"பிளைட்ல போனா ஒரு மணி நேரம்தானே மாமா?" என்று அக்கா மகன் கேட்டான். அந்த ஒரு மணி நேரம் விமானம் கிளம்பி இறங்கும் வரைதான். நமக்கு வேண்டியது வீட்டு வாசலில் இருந்து போய்ச் சேரும் வாசல் வரை ஆகும் நேரம். போன், பேனா, ஒரு தாள் இருந்தால் போதும்.

முதலில் நேர்கோட்டுத் தூரம். கூகுள் மேப்பில் தருமபுரி மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சிவப்புக் குறி விழுந்ததும் 12.13, 78.16 என்பதுபோல இரண்டு எண்கள் வரும். முன்னது அட்சரேகை, பின்னது தீர்க்கரேகை. சென்னைக்கும் அப்படியே எடுத்தால் 13.08, 80.27.

இப்போது கழியுங்கள். அட்சரேகை வித்தியாசம் 0.95, தீர்க்கரேகை வித்தியாசம் 2.11. ஒரு டிகிரி அட்சரேகைக்கு 111 கி.மீ.; தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிப் போவதால் நம் பக்கத்தில் டிகிரிக்கு 108 கி.மீ. பெருக்கினால் வடக்கே 105, கிழக்கே 228. மீதி பத்தாம் வகுப்பில் படித்த பிதாகரஸ்தான்: இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். 251 கி.மீ. வரும். இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். அப்புறம் நம் பக்கத்து எந்த ஊருக்கும் போட வரும்.

சாலையில் இதுவே ஏறத்தாழ 300 கி.மீ. கிழக்கே ஜவ்வாது மலை நிற்கிறது. அதனால் நாம் வடக்கே கிருஷ்ணகிரிக்கு ஏறி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று பாலாற்றை ஒட்டிச் சுற்றிப் போகிறோம்.

காரில் 80-ல் போகிறோமே என்று 80-ஆல் வகுக்காதீர்கள். டோல்கேட், ஸ்ரீபெரும்புதூர் நெரிசல் எல்லாம் சேர்த்தால் சராசரி 55 தான் நிற்கும். ஐந்தரை மணி நேரம். சாப்பாட்டுக்கு அரை மணி. ஆக ஆறு.

சரி, விமானம். தருமபுரியில் விமான நிலையம் இல்லை. பக்கத்தில் இருப்பது ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம். அன்றைக்கு விமானம் உண்டா என்று முதலில் பாருங்கள். அங்கே போக ஒரு மணி, முன்கூட்டியே இருக்க ஒன்றரை, பறக்க ஒன்று, பெட்டி எடுக்க அரை, மீனம்பாக்கத்திலிருந்து வீட்டுக்கு ஒன்று. மொத்தம் ஐந்து மணி நேரம். மிச்சமாவது ஒரு மணி நேரம்தான். குடும்பத்தோடு என்றால் நான் காரையே சொல்வேன்.

டெல்லிக்கு நிலைமை வேறு. பெங்களூரு நகரத்தைக் கடந்து தேவனஹள்ளியில் உள்ள பெங்களூரு விமான நிலையம் சேர நான்கு மணி நேரம் வைத்தாலும், மொத்தம் பத்து மணி நேரத்தில் போய்விடலாம். சாலையில் 2,000 கி.மீ.க்கு மேல், ஓட்டும் நேரமே நாற்பது மணியை ஒட்டி வரும்.

கடைசியாக, வீட்டில் கிளம்பும் நேரத்தை விமான நேரத்திலிருந்து பின்னோக்கிக் குறியுங்கள். சேலத்தில் விமானம் காலை 11 மணிக்கு என்றால், ஒன்றரை மணி முன்னதாக 9.30-க்கு அங்கே இருக்க வேண்டும். பயணம் ஒரு மணி என்றால் 8.30. அதோடு வழியில் வரும் தொப்பூர் கணவாய்க்கென்று இன்னொரு அரை மணி சேர்த்து 8 மணிக்கே கிளம்பிவிடுங்கள். ஒருமுறை கணவாய் இறக்கத்தில் லாரி கவிழ்ந்து வண்டிகள் வரிசைகட்டி நிற்க, நான் விமானத்தைத் தவறவிட்டேன். அந்த அரை மணியை அன்று நான் சேர்த்திருக்கவில்லை.